சிட்னியில் வீட்டு நீச்சல் குளம்: வேலியையும் கேட்டையும் விதிப்படி அமைப்பது எப்படி

நியூ சவுத் வேல்ஸில் குளம் வெட்டுகிறவரும், குளத்தோடு வீடு வாங்குகிறவரும் முதலில் அறிய வேண்டியது, சட்டம் எதைக் குளம் என்கிறது என்பதுதான். 1992ஆம் ஆண்டின் நீச்சல் குளச் சட்டப்படி, நீந்தவோ நீரில் விளையாடவோ பயன்படுகிற, 30 செ.மீ.க்கு மேல் ஆழமாக நீர் நிரப்பக்கூடிய எந்த அமைப்புக்கும் குழந்தைகள் தாண்ட முடியாத வேலி வேண்டும். கோடையில் காற்றடித்துப் புல்தரையில் வைக்கும் பிளாஸ்டிக் குளமும் அந்த ஆழம் கொண்டதானால் இதில் அடங்கும். நீங்கள் பாதி அளவுதான் நீர் விடுவீர்கள் என்பது கணக்கில் வராது. ஸ்பா எனப்படும் வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும் ஒரு மாற்று வழி உண்டு: பயன்படுத்தாத நேரத்தில் குழந்தைகள் திறக்க முடியாத மூடியைப் போட்டுப் பூட்டி வைக்கலாம்.

நிலையான குளமானால், தோண்டுவதற்கு முன் உங்கள் பகுதிக் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) கட்டட அனுமதியோ, மாநில விதிகளுக்குள் அடங்கும் எளிய திட்டமென்றால் தனியார் சான்றளிப்பாளர் தரும் அனுமதியோ பெற வேண்டும். குளம் கட்டும் ஒப்பந்தம் 20,000 டாலரைத் தாண்டினால், ஒப்பந்தக்காரர் வீட்டுக் கட்டுமானக் காப்பீடு எடுத்துச் சான்றிதழைக் கையில் தரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்த முன்பணமும் மொத்தத் தொகையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வேலி வேலை யாருடைய பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேலி முடியும்முன் நீர் நிரப்புவதானால், தற்காலிக வேலியும் இதே விதிகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

இனி வேலி. வெளிப்புறத் தரையிலிருந்து அளந்தால் அது எந்த இடத்திலும் 120 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அடியில் உள்ள இடைவெளியும், கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியும் 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. வேலியின் உயரத்தைப் பெரும்பாலோர் சரியாகவே அமைத்துவிடுகிறார்கள். கவனம் தவறுவது வேலியைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில்தான். வேலியின் வெளிப்பக்கத்தில், அதன் உச்சியிலிருந்து வெளிநோக்கியும் கீழ்நோக்கியும் 90 செ.மீ. வளைவாக ஒரு பகுதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குள் குழந்தை காலூன்றி ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. பார்பெக்யூ அடுப்பு, தண்ணீர்க் குழாய், மரக்கிளை, தோட்ட நாற்காலி அனைத்தும் இதில் சேரும். நம்மவர் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெயில் நன்றாகப் படுகிறது என்று கறிவேப்பிலைத் தொட்டியை வேலியோரம் நகர்த்தி வைத்தால், வேலி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த இடத்தில் அதன் உயரம் தொட்டியின் உயரத்தளவு குறைந்துவிடுகிறது. கம்பி வேலியானால் குளத்தின் பக்கமும் 30 செ.மீ. வெற்றிடம் விட வேண்டும், ஏனெனில் இடைவெளி வழியே காலை விட்டு உள்ளே இருக்கும் பொருளை மிதித்தும் ஏறலாம்.

அண்டை வீட்டு எல்லைச் சுவரோ வேலியோ குளத்துக்கும் வேலியாக அமைவதானால், அளவு வேறு. குளத்தின் பக்கத்திலிருந்து அளந்து 180 செ.மீ. உயரம் வேண்டும். ஏறமுடியாத 90 செ.மீ. பகுதி இங்கே உங்கள் பக்கத்தில், வேலியின் மேல்பாதியில் அமையும். மரப்பலகை வேலியின் குறுக்குச் சட்டம் அந்தப் பகுதியில் உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் 60 பாகைச் சரிவான மரத்துண்டுகளைப் பொருத்திக் கால் நிற்காதபடி செய்வது வழக்கம். அண்டை வீட்டார் தம் பக்கம் வைத்திருப்பதை உங்களால் கட்டுப்படுத்த முடியாது என்பதால்தான் இந்தக் கூடுதல் உயரம்.

கேட் குளத்தை விட்டு வெளிநோக்கித்தான் திறக்க வேண்டும். கைவிட்டதும் தானே மூடி, தானே கொண்டி விழ வேண்டும். கொண்டியை விடுவிக்கும் பிடி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருப்பது நல்லது. அதற்குக் கீழே வைத்தால், குழந்தையின் கை எட்டாதபடி உட்பக்கத்தில் மறைப்புடன் வைக்க வேண்டும். சோதிக்கும் முறை எளிது. கேட்டை முழுவதும் திறந்து விடுங்கள், அடுத்துப் பாதி, கடைசியாகக் கொண்டியில் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி ஒரு விரற்கடை மட்டும் திறந்து, தள்ளாமல், கையை எடுங்கள். மூன்று முறையும் கொண்டி விழும் ஒலி கேட்க வேண்டும். மேற்குச் சிட்னியின் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் தூண் சற்றே சாய்ந்து, இந்த மூன்றாவது சோதனையில்தான் கேட் முதலில் தோற்கும். கீலின் விசையை இறுக்கினாலே பலவேளை சரியாகிவிடும். கேட்டைக் கல் வைத்துத் திறந்து நிறுத்துவது, விருந்து நாளானாலும், சட்டமீறலே. ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்கு இந்தக் கேட்டை ஒருமுறை திறந்து மூடிக் காட்டி, ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. அடுப்படியிலிருந்து காதை வைத்துக் காவல் காக்க முடியாது.

குளத்தருகே சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தியும் மூச்சு ஊதியும் உயிர்ப்பிக்கும்) முதலுதவி முறையை விளக்கும் எச்சரிக்கைப் பலகை, 3 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். வெயிலில் வெளிறிய பலகை இல்லாததற்குச் சமம். அதை உடனே மாற்றுங்கள். குளத்தை மாநிலப் பதிவேட்டில் இணையம் வழியே கட்டணமின்றிப் பதிவு செய்வதும் 2013 அக்டோபர் இறுதியிலிருந்து கட்டாயம்.

குளமுள்ள வீட்டை வாடகைக்கு விட, வேலி விதிப்படி உள்ளது என்று காட்டும், செல்லுபடியாகும் இணக்கச் சான்றிதழ் தேவை. அது 3 ஆண்டுகள் செல்லும். விற்பவர் குறையுள்ள குளத்துக்கு இணக்கமின்மைச் சான்றிதழை ஒப்பந்தத்தோடு இணைத்தும் விற்கலாம். அப்போது குறைகளைச் சரிசெய்யும் கடமை வாங்குபவருக்கு வந்துவிடும்; செட்டில்மென்ட்டிலிருந்து (வீடு கைமாறும் நாளிலிருந்து) 90 நாள்தான் அவகாசம். எனவே வேலிச் செலவை விலை பேசும்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1990 ஆகஸ்ட் 1க்கு முன் கட்டிய குளங்கள் சிலவற்றுக்கு வீட்டுச் சுவரையே வேலியின் பகுதியாகக் கொள்ளும் பழைய சலுகை உண்டு என்று வீடு விற்பனை முகவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் குளத்தைப் பெரிய அளவில் மாற்றியமைத்தால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால், புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் திட்டத்தைக் கவுன்சிலில் காட்டி, புதிய அளவுகள் பொருந்துமா என்பதை எழுத்தில் பெற்ற பிறகே கையெழுத்திடுங்கள்.