காக்கோலித்துகளை வகைப்படுத்தும்போது எங்கே சறுக்குகிறோம்

கடலில் மிதக்கும் ஒரு செல் பாசிகளில் ஒரு கூட்டம் தன் உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்புத் தட்டுகளை அடுக்கிக்கொள்ளும். தட்டுக்குப் பெயர் காக்கோலித், பாசிக்குப் பெயர் காக்கோலித்தோஃபோர். பாசி செத்த பிறகும் தட்டுகள் கடலடிச் சேற்றில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும் என்பதால், இன்று வாழ்வதையும் தொல்லெச்சத்தையும் ஒரே குடும்பத்துக்குள் வைத்துப் படிக்க முடிகிறது. நோயலேர்ஹப்டேசியே அப்படி ஒரு குடும்பம். இன்றைய கடலில் ஏராளமாக இருக்கும் எமிலியானியா ஹக்ஸ்லியி, ஜெஃபைரோகாப்சா இரண்டும் இதில்தான், பெரும்பாலும் தொல்லெச்சமாகவே கிடைக்கும் ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ராவும் இதில்தான். பாசி முழுசாகக் கையில் கிடைப்பது அபூர்வம், உதிர்ந்த ஒற்றைத் தட்டை வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான தவறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அடிக்கடி கண்ணில் படும் ஒன்று. காக்கோலித் தட்டுகள் குவிந்து உருவான இங்கிலாந்தின் டோவர் வெண்பாறைகளைப் பற்றி எழுதிவிட்டுப் பக்கத்தில் எமிலியானியா படத்தைப் போடுகிறார்கள். அந்தப் பாறை கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது, அந்தக் காலமே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிட்டது. எமிலியானியா தோன்றியதோ சுமார் 2.9 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான்! அதன் குடும்பம் கூட சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இயோசீனில்தான் வருகிறது. டோவரில் கிடப்பவை வாட்ஸ்நாவேரியா, பிரெடிஸ்கோஸ்ஃபேரா மாதிரியான, முற்றிலும் வேறு குடும்பங்களின் தட்டுகள்.

அடுத்தது, வடிவத்தை மட்டும் பார்த்துக் குடும்பத்தை முடிவு செய்வது. இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஒரு காக்கோலித்துக்குள்ளேயே மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள், நடுவில் அவற்றை இணைக்கும் குழாய் என்ற அமைப்பு பல குடும்பங்களில் உண்டு. இயோசீனுக்கு முந்தைய பேலியோசீன் காலத்துத் தொல்லெச்சமான டோவியஸையும் ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ராவையும் வெளிவடிவத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது சிரமம், அதனால்தான் வெகுகாலம் இரண்டையும் பிரின்சியேசியே என்ற ஒரே பையில் போட்டுவைத்தார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது படிகங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதை. காக்கோலித்தில் இரண்டு வகைப் படிகங்கள் உண்டு: ஒன்றின் ஒளியியல் அச்சு (ஒளி இரண்டாகப் பிரியாமல் செல்லும் திசை) ஆரத்தின் திசையில் படுத்திருக்கும், மற்றதன் அச்சு செங்குத்தாக நிற்கும். நுண்ணோக்கியில் இரண்டு போலரைசர்களையும் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிர விடும் வடிகட்டிகள்) குறுக்கே வைத்துத் தட்டை நேர் மேலிருந்து பார்த்தால், படுத்த அச்சுள்ளது ஒளிரும், நின்ற அச்சுள்ளது இருண்டுவிடும். நோயலேர்ஹப்டேசியேயில் நிற்கும் வகை பெயருக்குத்தான் மிஞ்சியிருக்கிறது, ஆகவே தட்டு முழுக்க ஒளிரும். டோவியஸில் மேல்தட்டு நின்ற அச்சுப் படிகங்களால் ஆனது, அது மங்கிப்போய் உள்பக்கம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். வேறொரு குடும்பத்தின் காக்கோலித்தஸிலும் மேல்தட்டு இருட்டுதான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் குடும்பப் பெயர் எழுதவே கூடாது என்பது என் கருத்து.

அளவை வைத்து இனம் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ராவில் தட்டின் நீளம் 3 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே என்றால் மினுட்டா, 3 முதல் 5 வரை ஹக்கியி, அதற்கு மேல் போனால் சூடோஅம்பிலிகஸ் என்று வழக்கத்தில் இருக்கிறது, சிலர் அந்தக் கடைசிக் கோட்டை 5-இல் போடுவார்கள், சிலர் 7-இல். அடுக்குகளின் வயதைச் சொல்ல இது நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் இவை தனித்தனி உயிரினங்கள் என்று நம்பிவிட்டால் சிக்கல். மயோசீனின் பிற்பகுதியில், சுமார் 88 லட்சம் முதல் 71 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை, பெரிய தட்டுகள் சேற்றிலிருந்து ஏறக்குறைய மறைந்து, அப்புறம் திரும்ப வருகின்றன. பெரியது அழிந்து மீண்டும் பிறந்தது என்பதா, ஒரே வம்சம் சிறுத்துப் பெருத்தது என்பதா? ஆகவே எந்த எல்லைக்கோட்டைப் பிடித்தீர்கள் என்பதையும் அளந்த எண்ணையும் எழுதுங்கள், வெறும் பெயர் போதாது.

கரைந்துபோன தட்டும் ஏமாற்றும். ஜெஃபைரோகாப்சாவை அடையாளம் காட்டுவது நடுத்துளையின் மேல் போகும் பாலம், அது உடைந்தோ கரைந்தோ போயிருந்தால் அதே தட்டைச் சிறிய ரெட்டிகுலோஃபெனெஸ்ட்ரா என்று எண்ணிவிடலாம். பாலம் காணோம் என்பதும் பாலமே இருந்ததில்லை என்பதும் ஒன்றல்ல. எமிலியானியாவை அடையாளம் காட்டும், டி வடிவ உறுப்புகளுக்கு இடையிலான இடுக்குகள் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியாது, அதற்கு மின்னணு நுண்ணோக்கிதான் வேண்டும். பழைய அடுக்கு அரித்துப் புதிய சேற்றில் கலந்த தட்டுகளும் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரபணு பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் தவறுதான். இனங்களைப் பிரிக்கப் பலரும் முதலில் எடுக்கும் 18எஸ் ரிபோசோம் மரபணு, எமிலியானியா ஹக்ஸ்லியியிலும் ஜெஃபைரோகாப்சா ஓஷியானிகாவிலும் ஒரே மாதிரி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிக மரபணுக்கள்வரை போனால்தான் வேறுபாடு தெரியும். அதேபோல, தட்டில்லாத செல்லைப் பார்த்ததும் வேறு குடும்பம் என்று ஒதுக்காதீர்கள், இந்தக் குடும்பத்தில் ஒற்றைமடியக் கட்டம் (குரோமோசோம்கள் ஒரே தொகுதியாக இருக்கும் வாழ்க்கைப் பருவம்) தட்டே செய்யாமல் வால் போன்ற கசையிழையோடு நீந்தும். காக்கோலித்தஸ் பெலாஜிகஸில் ஒற்றைமடியம், இரட்டைமடியம் என்ற இரண்டு கட்டங்களும் இரண்டு விதமான தட்டு செய்யும், அதனால் ஒன்றுக்குக் கிரிஸ்டலோலித்தஸ் என்று தனிப்பேரினமே வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே பாசிதான் என்று 1960-இல் வளர்ப்பில் தெரிந்தது.

பெயர் விஷயம் கடைசி. ஹக்ஸ்லியியை ஜெர்மன் உயிரியலாளர் லோமான் 1902-இல் பொன்டோஸ்ஃபேரா என்ற பேரினத்தில் வைத்தார், 1967-இல் அது எமிலியானியா ஆனது, இப்போது மரபணுத் தரவின் பேரில் ஜெஃபைரோகாப்சா ஹக்ஸ்லியி என்றும் எழுதுகிறார்கள். எதை எழுதினாலும் சரி, கட்டுரை முழுக்க ஒன்றையே எழுதுங்கள், மற்றப் பெயரை ஓரிடத்தில் குறித்துவிடுங்கள். குடும்பப் பெயருக்கும் இப்படித்தான், பழைய கட்டுரைகளில் ஜெஃபைரோகாப்சேசியே என்று வருவதும் இதே குடும்பம், 1970-இல் வந்த நோயலேர்ஹப்டேசியே முந்தியது என்பதால் அதுவே நிற்கிறது.