டெம்பரேச்சர் முள் அசையவில்லையா? புது மீட்டர் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த பிறகும் என் பழைய டீசல் ஜீப்பின் டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடந்தது. வேலூர் திரும்பியதும் புது மீட்டர் வாங்கிப் போட்டேன், அதுவும் அசையவில்லை. கெட்டுப்போயிருந்தது எஞ்சினில் இருந்த சென்சார்.

முதலில் தண்ணீர். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டும், சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்திலேயே அடிக்கும். தண்ணீர் குறைந்து சென்சாரின் முனை நனையாமல் நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் கீழேயே நிற்கும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

அப்புறம் டீசல் முள்ளைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து படுத்திருந்தால் பியூஸையும், இரண்டு மீட்டருக்கும் கரன்ட் கொடுக்கும் ரெகுலேட்டரையும் பாருங்கள்.

இனிதான் முக்கியமான சோதனை. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) பக்கத்திலோ ஹெட்டிலோ ஒற்றை ஒயரோடு பித்தளையில் ஒரு சென்சார் இருக்கும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, அந்த ஒயரைக் கழற்றி, நுனியை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வையுங்கள், வீட்டில் யாராவது உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்லட்டும். சில பழைய மீட்டர்களில் முள் மெதுவாகத்தான் ஏறும், ஏறத் தொடங்கியதும் ஒயரை எடுத்துவிடுங்கள். ஏறினால் மீட்டரும் ஒயரும் நல்லது, சென்சார்தான் போய்விட்டது. ஏறவில்லையென்றால் மீட்டரின் பின்னாலிருந்து தனி ஒயர் இழுத்து இதையே செய்யுங்கள். இப்போது ஏறினால் பழைய ஒயர் அறுந்திருக்கிறது.

முள் எப்போதும் சூட்டிலேயே நிற்கிறதா? ஒயரைக் கழற்றியதும் இறங்கினால் சென்சார் ஷார்ட், இறங்காவிட்டால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

கம்ப்யூட்டர் உள்ள வண்டியிலோ இரண்டு ஒயர் சென்சாரிலோ இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

புது சென்சார் உங்கள் மீட்டருக்குப் பொருந்துவதாக இருக்கட்டும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தடியாகச் சுற்றாதீர்கள், எஞ்சின் இரும்பு வழியாகச் சென்சாருக்குக் கிடைக்க வேண்டிய எர்த் கிடைக்காமல் போகும்.

எல்லாம் சரியாக இருந்தும் முள் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பயந்து அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் உண்டு, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடி டீசலையும் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

மாட்டி முடித்ததும் காட்பாடி வரை ஒரு சுற்று ஓட்டி வாருங்கள், மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் தண்ணீர் மட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.