ஊட்டி சரிவுல பெட்ரோல் மெஷின விட்டு பேட்டரிக்கு மாறணும்னா

நம்ம ஊர்ல பெட்ரோல் புல்லு வெட்டுற மெஷின் இழுக்காம முக்குறதுக்கு பாதி காரணம் உயரம்தாங்க, ஆயிரம் அடி ஏற ஏற என்ஜின் பவர் சுமாரா 3 சதவீதம் குறையும், ஊட்டி 7,000 அடிக்கு மேல இருக்குல்ல, கணக்கு போட்டுக்கோங்க. பேட்டரி மெஷின்ல இருக்குற மோட்டாருக்கு அந்த தொல்லை இல்ல.

தானா ஓடி புல்லு வெட்டுற பேட்டரி ரோபோ வாங்கணும்னு ஆசப்பட்டா மொதல்ல சரிவ அளந்துடுங்க. 1 மீட்டர் ரீப்பர் கட்டைய ஒரு முனை மேட்டுல படுற மாதிரி வச்சு, மேல மட்டம் பாக்குற லெவல் போட்டு, மறு முனைக்கு கீழ எத்தன சென்டிமீட்டர் இடைவெளின்னு டேப்ல பாருங்க, 35ன்னா 35 சதவீத சரிவு, சாதாரண ரோபோ நெறைய அதுக்கு மேல ஏறாது, நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர் வீல் டிரைவ் வேணும், வெல அதிகம். படிப்படியா இருக்குற தோட்டத்துக்கு ரோபோவே வேணாம், கையால தள்ளுற பேட்டரி மெஷினே போதும்.

ரோபோ எதுவரைக்கும் போகணும்னு காட்டுற எல்லை வயர மண்ணுக்குள்ள பதிச்சிடுங்க. எங்க வீட்டுல மேலாப்புல ஓட்டி ஆணி அடிச்சேன், காட்டுப்பன்னி கெளறி ஒரே ராத்திரில மூணு எடத்துல அத்துப்போச்சு. ராத்திரி ரோபோவ ஓட விடாதீங்க, காட்டெருமை வேற வரும். காலைலயும் பனி காஞ்சப்புறம்தான், ஈரப்புல்லு பிளேடுல அப்பிக்கும்.

டிசம்பர், ஜனவரி உறைபனில பேட்டரிய ஷெட்ல விடாதீங்க, 0 டிகிரிக்கு கீழ லித்தியம் பேட்டரிய சார்ஜ் போட்டா உள்ளயே கெட்டுடும், வீட்டுக்குள்ள கொண்டு வந்து பாதி சார்ஜ்ல வைங்க. பழைய மெஷின விக்கிறதுக்கு முன்னாடி டேங்க்ல இருக்குற பெட்ரோல மறக்காம எறக்கிடுங்க.