ஸ்வெட்டர் பின்னிச் சம்பாதிக்க நினைப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மூணாறு, தேவிகுளம், வட்டவடை பக்கம் ஸ்வெட்டர், குல்லா பின்னத் தெரிந்த பெண்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைக்கும் பேரனுக்கும் பின்னியது போக, இதையே தொழிலாக எடுத்துச் செய்யலாமா என்று கேட்டு வருகிறார்கள். தாராளமாகச் செய்யலாம், என் சாப்பாடே இதில்தான் ஓடுகிறது. கை வேகம் போதாமல் இதில் நஷ்டப்பட்டவரை நான் பார்த்ததில்லை. ஊசியில் முதல் கண்ணி, அதாவது முதல் நூல் வளையம், ஏறுவதற்கு முன்பே, அவசரத்தில்தான் பணம் போகிறது.

முதல் தவறு, கை இறுக்கத்தை அளந்து பார்க்க ஒரு மாதிரித் துண்டு பின்னாமல் நேராக ஸ்வெட்டரில் இறங்குவது. "நூலும் நேரமும் வீண்தானே அக்கா" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். வாடிக்கையாளரின் மார்புச் சுற்று 96 செ.மீ., தளர்வுக்கு 4 சேர்த்து 100 செ.மீ. வேண்டும். டிசைனில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று போட்டிருக்கிறது, நீங்களும் 200 கண்ணி ஏற்றுகிறீர்கள். ஆனால் உங்கள் கை இறுக்கம், 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுகிறது. முடிக்கும்போது ஸ்வெட்டர் 91 செ.மீ.தான் இருக்கும். அவருக்கு உடம்பை இறுக்கிப் பிடிக்கும். இரண்டே கண்ணி வித்தியாசம், ஒரு மாத வேலை போச்சு.

துண்டு பின்னுகிறவர்களும் அதைத் தீப்பெட்டி அளவுக்குப் பின்னி, ஓரத்திலிருந்து அளக்கிறார்கள். ஓரக் கண்ணி எப்போதும் சுருண்டு பொய் சொல்லும். 15 செ.மீ. அகலமாவது பின்னி, நனைத்து, உலர்த்தி, நடுவில் உள்ள 10 செ.மீ.யை மட்டும் எண்ண வேண்டும். நனைக்காமல் அளப்பதும் அளக்காததும் ஒன்றுதான், கம்பளி தண்ணீர் பட்டதும் இளகிக்கொடுக்கும். வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னப்போகிற ஸ்வெட்டருக்கு மாதிரியையும் வட்டமாகவே பின்னுங்கள். திருப்பித் திருப்பிப் பின்னும்போது கை வேறு இறுக்கத்தில் ஓடும்.

நூல் வாங்கும்போது லேபிளில் லாட் நம்பரைப் பாருங்கள். ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றாலும் சாயம் போட்ட தொட்டி மாறினால் நிறம் ஒரு இழை மாறும். கடையின் ட்யூப் லைட்டில் தெரியாது, வெயிலில் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டமாதிரி தெரியும். நூலின் கனத்தைப் பொறுத்துப் பெரியவர் ஸ்வெட்டர் ஒன்றுக்கு 500, 600 கிராம் பிடிக்கும். மலையிலிருந்து போடிக்கோ உடுமலைக்கோ இன்னொரு நடை இறங்குவதைவிட ஒரு கண்டு கூடுதலாக வாங்கி வருவது லாபம். வேறு லாட்தான் கிடைத்தது என்றால் பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குப் படாது.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் நம் குளிரை மட்டும் நினைத்துவிடுகிறோம். கொச்சியிலோ மதுரையிலோ இருக்கும் குழந்தைக்குக் கம்பளி எதற்கு? பருத்தி நூல் கொடுங்கள், ஆனால் அது கனமானது, கம்பளி மாதிரி மீளாது, தொங்கித் தொங்கி நீளும் என்பதை அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் ஸ்வெட்டர் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள். ஒரே இழுப்பில் பின்னல் தொய்ந்துவிடும், அதைத் திரும்ப எழுப்ப வழியில்லை.

குழந்தைத் துணியில் எனக்குக் கோபம் வருகிற விஷயம் கழுத்து. பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 செ.மீ., மார்புச் சுற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கழுத்தை இறுக்கி மூடிவிட்டால் தாய் அதை ஒரு தடவை போட்டுப் பார்த்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். கழுத்தோரத்தைப் பின்னி மூடும்போது ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள், தோள்பக்கம் திறப்பு வையுங்கள். பொத்தானைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்த பிறகே கொடுங்கள், குழந்தை வாயில்தான் போடும்.

இப்போது என் ஊசியில் இருப்பது வரையாடு உருவம் போட்ட குல்லாக்கள், கூடவே குறிஞ்சி ஊதாவில் பெண்கள் போடும் ஸ்வெட்டர் ஒன்று. இரவிகுளம் பார்க்க வருகிறவர்கள் ஆட்டை விரும்பிக் கேட்கிறார்கள். இருநிறப் பின்னலில் நடக்கும் தவறு பின்பக்கம்தான் இருக்கிறது. ஆட்டின் வயிற்றில் சாம்பல் நிறம் ஓடும்போது வெள்ளை நூல் பின்னால் சும்மா வரும், அதைச் சுண்டி இழுத்தால் முன்பக்கம் சுருங்கி ஆடு எலும்பும் தோலுமாக நிற்கும். நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் விரித்துவிட்டுப் பிறகு நூலைக் கொண்டுபோங்கள். ஐந்து கண்ணிக்கு மேல் நூல் சும்மா போனால் நடுவில் ஒரு முறை பின்னுகிற நூலோடு மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் போடும்போது விரல் சிக்கும்.

ஜூன் தொடங்கினால் இங்கே எதுவும் காயாது. அடுப்புக்கு மேல் கொடி கட்டி ஸ்வெட்டரைத் தொங்கவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. புகைநாற்றம் ஏறும், ஈரக்கனத்தில் கை முழங்கால்வரை நீளும். பெரிய குளியல் துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்துவிட்டு, ஒரு சட்டத்தில் பழைய கொசுவலையைக் கட்டி அதன்மேல் அளவு பார்த்துப் பரப்பி வையுங்கள். கம்பளியைச் சுடுதண்ணீரில் கசக்கினால் இழைகள் பின்னிக்கொண்டு சுருங்கி ஜமுக்காளம்போல் ஆகிவிடும். கொழுந்து கிள்ளிச் சொரசொரத்த விரல்களுக்குச் சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவிய பிறகே நூலைத் தொடுங்கள்.

கடைசியாக விலை. நூல் விலையை இரண்டால் பெருக்கி விலை சொல்வதுதான் இந்தத் தொழிலைக் கொல்கிறது. ஒரு ஸ்வெட்டரின் உடல் 200 கண்ணி, 168 வரிசை என்றால் 33,600 கண்ணி. இரண்டு கைக்கும் சேர்த்து 18,000 வரும். மொத்தம் 50,000க்கு மேல். நிமிடத்துக்கு 25 கண்ணி போடுகிறவருக்குக்கூட 34 மணி நேரம், தைப்பதும் அலசுவதும் தனி. தோட்டத்து நாள்கூலியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மணிநேரத்தைக் கணக்குப் போடுங்கள், வாங்குகிற காசு எவ்வளவு குறைவு என்று தெரியும். ரோட்டோரக் கடைகளில் தொங்கும் மெஷின் ஸ்வெட்டரோடு விலையில் மோதாதீர்கள், தோற்றுப்போவீர்கள். 100 கண்ணி, 55 சுற்று என்று ஒரு குல்லா நாலு மணி நேரத்துக்குள் முடியும். முதல் வருடம் குல்லா, குழந்தை செட் இரண்டோடு நில்லுங்கள். ஸ்வெட்டர் அளவெடுத்துக் கேட்பவருக்கு மட்டும்.

ஆர்டரில் நூல் காசை முன்பணமாக வாங்குங்கள், சொந்தக்காரராக இருந்தாலும். அளவையும் நிறத்தையும் நோட்டில் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணியோடு ஒரு சின்ன அட்டையில், தமிழிலும் மலையாளத்திலும், எந்த நூல், எப்படி அலசுவது, எப்படிக் காயவைப்பது என்று எழுதிக் கட்டிக் கொடுங்கள்.