வன்னிப் பற்றைகளில் குதிக்கும் சிலந்திகளைப் படமெடுப்பது

குதிக்கும் சிலந்தியைத் தேடிப் பெருங்காட்டுக்குள் போகத் தேவையில்லை, வளவு வேலியே போதும். கிளுவைக் கதியால், பூவரசு, எருக்கலை, நாயுண்ணிப் பற்றை, குளக்கட்டு ஓரத்துச் செடிகள் ஆகியவற்றில் இடுப்பளவு உயரத்தில் வெயில் படும் இலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரவில் இவை இலைக்கடியில் பட்டுநூல் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் ஏறத்தான் வேட்டைக்கு வெளியே வரும். காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் போவது நல்லது. உச்சி வெயிலில் சிலந்தியும் நிழலுக்குள் போய்விடும், உங்கள் கண்ணுக்குள்ளும் வியர்வை இறங்கும்.

மாரி மழை ஓய்ந்து பற்றைகள் பச்சையாக நிற்கும் தை தொடக்கம் சித்திரை வரை வாய்ப்பான காலம். வைகாசியில் சோழகம் வீசத் தொடங்கினால் இலை ஒரு நொடிகூட நிற்காது. அப்போது காற்று மறைந்த பக்கத்துச் சுவர்களைப் பாருங்கள். வீட்டுச் சுவரில் இலையான் பிடித்துத் திரியும் சாம்பல் நிற மெனெமரஸ் பிவிட்டாட்டஸ் பழகுவதற்கு நல்ல ஆள்.

இடம் பற்றி ஒரு கண்டிப்பு. சிவப்புப் பலகையில் மண்டையோட்டுக் குறி இருந்தால் அதற்கு அப்பால் ஓர் அடிகூட வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும், ஊரவர் புழங்காத பற்றைக்குள் இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சந்தேகமான இரும்பைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி 119க்கு அறிவியுங்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் விடியப்புறமும் பொழுதுபட்ட பின்னும் யானை நடமாடும் நேரம். சுண்டிக்குளம் தேசிய பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும்.

அகன்ற இலையில் மஞ்சள் உடலும் இரு சிவப்புக் கோடுமாக நிற்பது டெலமோனியா டிமிடியாட்டாவின் பெண். 1 சென்ரிமீற்றர் அளவு இருப்பதால் தொடங்க எளிது. நீல வெள்ளிப் பட்டைகளோடு மின்னும் பின்டெல்லா விட்டாட்டா அதில் பாதிகூட வராது. எறும்பு ஊரும் தண்டுகளில் நிறம் மின்னும் சைலர் செமிகிளாக்கஸ் எறும்பையே பிடித்துத் தின்னும். முசுறு எறும்புக் கூட்டருகே ஒரு 'முசுறு' தனியாக, நூல் விட்டபடி, முன்கால்களை உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு போனால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது முசுறு போல வேடமிடும் குதிக்கும் சிலந்தியான மிர்மாபிளாட்டா.

கமராவில் 90 முதல் 105 மி.மீ. வரையான மக்ரோ லென்ஸ் இருந்தால் போதும். அது 1 மடங்கு உருப்பெருக்கம் தரும், அதாவது சிலந்தியின் உண்மை அளவே கமராவின் சென்சரில் விழும். சின்னச் சிலந்திக்கு 2 மடங்கு தேவை. ரேனொக்ஸ் டி.சி.ஆர்-250 போன்ற, லென்ஸின் முன்னால் கவ்விப் பூட்டும் கண்ணாடி மலிவான வழி. அதன் வலு 8 டயொப்டர் (கண்ணாடி ஒளியை வளைக்கும் வலுவின் அலகு) என்பதால், சிலந்திக்கும் கண்ணாடிக்கும் இடையில் கிட்டத்தட்ட 12 செ.மீ.க்கு மேல் இடைவெளி கிடைக்காது. போனில் மாட்டும் மக்ரோ லென்ஸுக்கு 2, 3 செ.மீ. தூரம் வரை போகவேண்டும். சுவர்ச் சிலந்திக்கு அது சரி, பற்றையில் கஷ்டம்.

காசு செலவழிப்பதானால் லென்ஸை விட ஒளிக்குச் செலவழியுங்கள். இந்த நிறங்களில் பல சாயம் அல்ல, நுண்செதில்களில் ஒளி தெறிப்பதால் வருபவை. வெறும் பிளாஷ் அடித்தால் செதில் வெள்ளைப் புள்ளியாக எரிந்துபோகும், கண்ணிலும் கூரான வெள்ளைப் பொட்டு விழும். ரிவி பெட்டிக்குள் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை இரண்டு மடிப்பாக்கி, 20 செ.மீ. அகலத்தில் வளைத்து, பிளாஷிலிருந்து லென்ஸ் நுனிக்கு மேலே வரை நீட்டிக் கட்டுங்கள். தாள் சிலந்திக்கு எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவு மென்மையாக ஒளி விழும். பிளாஷுக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி விடாவிட்டால் நடுப்பகுதி மட்டும் வெளிக்கும், தாள் கட்டியதில் பயனே இல்லை.

கமராவை மனுவலில் வையுங்கள். சட்டர் 1/160, ஐ.எஸ்.ஓ. 200, பிளாஷ் வலு 1/16 அல்லது 1/32. வலு குறையக் குறைய பிளாஷ் வெட்டும் நேரமும் குறையும். ஏறத்தாழ 1/10,000 வினாடி என்பதால் கை நடுக்கம் படத்தில் தெரியாது. 1 மடங்கில் லென்ஸின் துவாரத்தை எஃப் 11 (எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்) வைத்தால் முழுச்சட்டகக் கமராவில் தெளிவாக விழும் ஆழம் 1.3 மி.மீ. 2 மடங்கில் எஃப் 8 என்றால் 0.4 மி.மீ.கூட இல்லை. ஆழம் கூட்டலாமென்று எஃப் 22க்குப் போகாதீர்கள். 2 மடங்கில் எஃப் 8 ஏற்கெனவே எஃப் 24 போலத்தான் நடக்கிறது, மேலும் மூடினால் முகத்து மயிர் மங்கிவிடும். முன்னிருக்கும் இரு பெரிய கண்களும் தெளிவாக வந்தால் மற்றதெல்லாம் மங்கினாலும் படம் நிற்கும்.

ஓட்டோ ஃபோகஸை நிறுத்திவிடுங்கள். உருப்பெருக்கத்தை முன்பே முடிவுசெய்து வளையத்தை விட்டுவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத் தெளிவைப் பிடிக்கவேண்டும். இடக்கையால் இலைக்காம்பைப் பிடித்து, அதே கையின் மணிக்கட்டில் லென்ஸைச் சாய்த்து வையுங்கள். இலையும் கமராவும் சேர்ந்தே ஆடும், ஆகவே ஆட்டம் தெரியாது. முக்காலி இந்த வேலைக்கு இடைஞ்சல்தான்.

உங்கள் நிழல் அதன் மேல் விழாமல், முன்பக்கமாகவே மெதுவாகக் கிட்டுங்கள். அதற்கு எட்டுக் கண்கள், பின்னால் போய் ஏமாற்ற முடியாது. திரும்பி உங்களைப் பார்க்கும், அப்போது கண் முழுக்கக் கறுக்கும். விழித்திரை நேராக லென்ஸை நோக்கினால் வரும் கறுப்பு அது, உடனே அழுத்துங்கள். தாளின் மேல் பாய்ந்தாலும் கீழே விழுந்தாலும் பதறவேண்டாம், நூல் விட்டுத்தான் பாயும். அசையாமல் நின்றால் பெரும்பாலும் அதே நூலில் ஏறி வரும். இரை கவ்விய சிலந்தி கூடுதல் நேரம் ஒரே இடத்தில் நிற்கும். சுருட்டிய இலைக்குள் முட்டையோடு இருக்கும் தாயைப் பிரித்துப் பார்க்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்து மயக்கிப் படமெடுக்கும் வழக்கமும் வேண்டாம், கால் மடங்கிய அந்த நிலை படத்தில் அப்படியே தெரியும்.

பின்னணி இருட்டாக வருவது அடிக்கடி நேரும். பிளாஷ் ஒளி தூரத்துக்கு எட்டாததே காரணம். 5 முதல் 10 செ.மீ. பின்னால் ஒரு பச்சை இலையைப் பிடித்தால் தீரும். ஏசி அறையிலிருந்து எடுத்த கமராவை அரை மணி நேரம் பைக்குள்ளேயே விடாவிட்டால் லென்ஸில் ஈரம் படியும். கிரவல் ரோட்டுத் தூசிக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள்.

முகப்படம் மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது. ஒவ்வொரு சிலந்தியையும் முகம், மேற்பக்கம், பக்கவாட்டு என மூன்று கோணத்திலும் எடுத்து, நின்ற செடியையும் ஊரையும் குறித்துவையுங்கள். அப்படியும் சில இனங்களை நுணுக்குக்காட்டியின்றிப் பிரித்தறிய முடியாது, அவற்றைப் பேரினத்தோடு நிறுத்திவிடுவதே நேர்மை.