கத்தரிக்குப் பக்கத்தில் எதை நடுவது? வன்னி வீட்டுத்தோட்டத்தில் துணைப்பயிர் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் காடு வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்தவர்களுக்குக் கலப்புப் பயிர் புதிதல்ல. குரக்கனுக்குள் சோளனும், ஓரத்தில் பயற்றையும், இடைவெளியில் பூசணியும் வளர்ந்த மேட்டுக்காணிகளை எமது முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். இன்று கிணற்றடி வளவில் நான்கைந்து பாத்தி போட்டு மரக்கறி செய்பவர்களில் பலர், குளிர்நாட்டுத் தோட்டங்களுக்காக எழுதப்பட்ட ‘நட்புப் பயிர், பகைப் பயிர்’ பட்டியல்களை அப்படியே பின்பற்றுகிறார்கள். கரட்டுக்குப் பக்கத்தில் வெங்காயம் நடும்படி அந்தப் பட்டியல்கள் சொல்வது, கரட் ஈயைக் குழப்புவதற்காக. அது குளிர்நாட்டுப் பூச்சி. எமது பாத்திக்கு அந்த ஆலோசனையால் பயன் இல்லை. இரு பயிர்களை அருகருகே வைப்பதால் வேருக்கோ, நிழலுக்கோ, நீருக்கோ, பூச்சித் தடுப்புக்கோ என்ன நன்மை வரும் என்று சொல்ல முடியாவிட்டால், அந்தச் சோடிக்காகப் பாத்தியை ஒதுக்க வேண்டியதில்லை.

பெரிய இழப்பைத் தருவது, ஒரே குடும்பத்துப் பயிர்களைத் துணையென்று எண்ணி ஒன்றாக நடுவதாகும். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். ஒரே அளவு பசளையும் நீரும் போதும் என்பதால் மூன்றையும் ஒரே பாத்தியில் வைப்பது வசதியாகத் தோன்றும்; நானும் அப்படித்தான் வைத்தேன். ஐப்பசி மழைக்கு நன்றாகப் பிடித்த தக்காளிக் கன்றுகள், மார்கழியில் ஒரு வெயில் நாளில், இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இறைத்தேன். ஒரு கிழமைக்குள் பக்கத்துக் கத்தரியும் வாடியது. அப்போது அயல் வளவு அம்மா ஒருவர், வாடிய கன்றின் அடித்தண்டைச் சாய்வாக வெட்டி, கண்ணாடிக் குவளையில் இருந்த தெளிந்த நீரில் வெட்டுமுகம் மட்டும் தொடும்படி பிடித்துக் காட்டினார். சிறிது நேரத்தில் தண்டிலிருந்து பால் நூல் போன்ற வெண்மையான இழை கீழ்நோக்கி இறங்கியது. அதுவே பற்றீரியா வாடல் நோயின் அடையாளம். இந்தக் கிருமி மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும். ஓடும் நீரிலும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணிலும் அடுத்த பாத்திக்குப் போகும். ஆகவே வாடிய கன்றை வேரோடும் மண்ணோடும் அகற்றி எரிக்க வேண்டும். அந்த வெற்றிடத்தில் இன்னொரு கத்தரிக் கன்றை நடக்கூடாது. அங்கே சோளனையோ வெங்காயத்தையோ வைத்து, கத்தரிக் குடும்பத்தைச் சில போகங்களுக்கு விலக்கி வைப்பதே நல்லது.

வெண்டி வேறு குடும்பம் என்பதால் கத்தரியின் அருகே பாதுகாப்பானது என்று எண்ணுவதும் சரியல்ல. வேரில் முடிச்சு விழச் செய்யும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுவான வேர்முடிச்சு வட்டப்புழு இரண்டையும் தாக்கும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இத்தொல்லை கூடுதலாக இருக்கும். இதற்கு மருந்தாக வரப்போரம் இரண்டு மேரிகோல்ட் செடிகளை வைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அதன் வேரில் வட்டப்புழுவை அடக்கும் பொருள் உண்மையிலேயே உண்டு. ஆயினும் பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, 2 மாதங்களுக்கு மேல் வளர்த்து, பின்னர் மண்ணோடு கொத்திப் புரட்டினால்தான் அடுத்த பயிருக்குத் தெரியும் அளவு பயன் கிடைக்கும்.

அவரை இனத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. பயற்றையின் வேர்க்கணுக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடிப்பது உண்மை. ஒரு கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. ஆனால் செடி வளரும் காலத்தில் அந்த நைதரசனின் பெரும்பகுதியைச் செடியே எடுத்துக்கொள்கிறது. பக்கத்து மிளகாய்க்குக் கிடைப்பது மிகச் சிறிது. காய் முடிந்ததும் செடியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தால் மிச்சமும் போய்விடும். தரைமட்டத்தில் அறுத்து, வேரை மண்ணிலும் தழையைப் பாத்தியின் மேலும் விட்டால், அதே இடத்தில் அடுத்து நடும் கத்தரிக்கு அது சேரும். பயற்றையில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அழுக்கணவன் மொய்ப்பதைக் கண்டு உடனே மருந்தடிப்பதும் வேண்டாம். அதைத் தின்னப் பொறிவண்டுகள் அங்கேதான் வந்து கூடும். மொய்த்த நுனிகளை மட்டும் கிள்ளி அகற்றினால் போதும்.

காலத்தைக் கணக்கில் எடுக்காததால் கெடும் சோடிகளும் உண்டு. மிளகாயைச் சுற்றிச் சோளன் வரிசை வைப்பது நல்ல முறை. காற்றில் வரும் அழுக்கணவன் முதலில் உயர்ந்த பயிரில் இறங்கி, அதன் இலையைக் குத்திப் பார்க்கும்போதே வாயில் கொண்டுவந்த சில வகை வைரசுகளைப் பெருமளவு இழந்துவிடும். ஆனால் மிளகாய் நடும் அதே நாளில் சோளனை ஊன்றினால், தேவையான நேரத்தில் அது முழங்கால் உயரத்துக்குக்கூட வந்திராது. மூன்று நான்கு கிழமை முன்னதாக ஊன்ற வேண்டும். சோளனில் படர்வதற்கென்று ஊன்றும் பயற்றையோ எதிர்மாறானது. சோளன் கால் ஊன்றிய பிறகு அதைப் போடாவிட்டால், கொடி இளந்தண்டை வளைத்துச் சாய்த்துவிடும்.

உயரமான பயிரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதற்கும், அதை வடக்கில் வைக்கச் சொல்லும் வெளிநாட்டு வழிகாட்டிகளின் விதி இங்கே பொருந்தாது. நாம் ஏறக்குறைய 9 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறோம். 6 அடி உயரச் சோளனின் நண்பகல் நிழல் மார்கழியில் ஏறக்குறைய 4 அடிக்கு வடக்கே விழும்; ஆனியில் ஒன்றரை அடியளவே, அதுவும் தெற்கே. சிறுபோகத்தில் பயிரை வாட்டுவது பின்னேர வெயிலும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுமே. ஆகையால் உயர வரிசையைத் தென்மேற்கிலும் மேற்கிலும் வைத்தால், உட்புறக் கீரைக்கும் மிளகாய்க்கும் இரண்டிலிருந்தும் காப்பு கிடைக்கும். அதே வரிசையை மாரியில் அப்படியே விட்டு நெருக்கமாகவும் நட்டால், ஈரம் உலராமல் மிளகாய்ப் பழத்தில் அழுகல் விழும்.

ஒவ்வொரு போகத்திலும் எந்தப் பாத்தியில் எந்தக் குடும்பம் நின்றது என்பதை ஒரு கொப்பியில் படமாக வரைந்து வையுங்கள். புரட்டாதியில் நிலம் கொத்தத் தொடங்கும்போது, போன வருடம் கத்தரி எங்கே நின்றது என்பது பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை.