கோடையில் வீடு மாற்றமும் தாத்தா பாட்டி வீட்டுப் பயணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை விட்டதும் இரண்டு வேலைகள் ஒரே வாரங்களுக்காகப் போட்டி போடும். ஒன்று, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவது. இன்னொன்று, வீடு மாறுவது. பிள்ளைகளின் படிப்பு கெடாது என்பதால் நிறைய குடும்பங்கள் கோடையில்தான் வீடு மாறுகின்றன. அதனாலேயே அந்த மாதங்களில் லாரியும் ஆளும் கிடைப்பது சிரமம். மாதக் கடைசி என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த நெரிசலில் அடிபடுவது பெரும்பாலும் ஊர்ப் பயணம்தான். லாரிக்காரர் காத்திருக்க மாட்டார், வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார். பெரியவர்கள் மட்டும் காத்திருப்பார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி, அவர்கள் காத்திருப்பார்கள் என்ற தைரியத்தில் நாம் செய்பவை.

மிச்சமாகும் நாளில் போய்க்கொள்ளலாம் என்று விடுவது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் கூட. "சாமான் ஏற்றினதும் அப்படியே கிளம்பிடலாம்" என்று கணக்குப் போடுவோம். வீடு மாற்றம் சொன்ன தேதியில் முடிவது அபூர்வம். புது வீட்டில் வண்ணப்பூச்சு காய்ந்திருக்காது, சாவி கைக்கு வர இரண்டு நாள் ஆகும், முந்தைய வீட்டு வேலை முடியாமல் லாரி தாமதமாகும், இணைய இணைப்பு கொடுக்க வருபவர் நாளை வருகிறேன் என்பார். ஒவ்வொன்றும் ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒவ்வொரு நாளும் ஊருக்கு ஒதுக்கிய நாட்களிலிருந்துதான் கழியும். பத்து நாள் நான்காகி, கடைசியில் "அடுத்த லீவில் பார்க்கலாம்" என்று முடியும்.

முதலில் பயணத் தேதியைக் குறித்துவிட்டு, அதற்கேற்ப வீடு மாறும் தேதியைப் பேசுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு நாட்களாவது வெறுமனே விடுங்கள். வீடு மாறிய பிறகு போவதா, முன்பே போவதா என்று கேட்டால், மாறிய பிறகு போவதுதான் நல்லது என்பேன். கட்டில் போட்டு, அடுப்பு பற்றவைத்து, பெட்டிகளில் பாதியாவது பிரித்த பிறகு கிளம்பினால் மனசும் கூட வரும். முன்பே போனால், உட்காரும் இடமெல்லாம் பெட்டிக் கணக்குதான் ஓடும். பள்ளி திறக்கும் தேதி இடம் கொடுக்காதவர்கள் முன்பே போகட்டும், தவறில்லை. ஆனால் லாரி, முன்பணம், ஆள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

தேதியைப் பூசி மெழுகிச் சொல்வது

"பத்தாம் தேதி வந்துடுவோம்மா" என்று போனில் சொல்வது நமக்கு ஒரு வாக்கியம். கேட்கிற அம்மாவுக்கு அது ஒரு வாரத்து வேலை. மேல் அறையைக் கூட்டி மெத்தையை வெயிலில் போடுவார், யாரிடமாவது சொல்லி மளிகை வாங்கி வைப்பார், பதினோராம் தேதிக்கு இருந்த கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார். ஒன்பதாம் தேதி ராத்திரி நாம் கூப்பிட்டு "சாவி இன்னும் வரலைம்மா, நாலு நாள் கழிச்சு வர்றோம்" என்றால், "அதுக்கென்னப்பா, உங்க வேலையை முடிச்சிட்டு நிதானமா வாங்க" என்பார். தள்ளிப்போட்ட பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நாமும் அம்மா ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்று போனை வைத்துவிடுவோம்.

உறுதியில்லாத தேதியை உறுதியில்லை என்றே சொல்லிவிடுவது அவர்களுக்குச் செய்கிற மரியாதை. "பத்திலிருந்து பதினாலுக்குள் வருவோம், ஏழாம் தேதி ராத்திரி கூப்பிட்டு எந்த நாள் என்று சொல்கிறேன், அதுவரைக்கும் நீங்க எதையும் தள்ளி வைக்காதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம், சொன்னபடி ஏழாம் தேதி கூப்பிடுங்கள்.

பிள்ளையிடம் சொல்லாமல் ஊருக்கு அனுப்பிவிட்டு வீட்டைக் காலி செய்வது

பிள்ளைகளைத் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு சாமான் கட்டுவது நல்ல யோசனைதான். வேலை வேகமாக நடக்கும், பிள்ளைகளும் தூசியிலும் கயிற்றிலும் சிக்காமல் இருப்பார்கள். எங்கே தவறு நடக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு விவரம் தெரியாமல் இருப்பதில்தான். வழக்கமான லீவு என்று நினைத்து ஊருக்குப் போன ஆறு வயதுக் குழந்தை, திரும்பி வரும்போது வேறொரு கட்டடத்தின் முன்னால் இறங்குகிறது. "இதுதான் நம்ம புது வீடு!" என்று நாம் சிரிக்கிறோம். அது கேட்கும் முதல் கேள்வி, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் கோடு போட்டு உயரம் குறித்த கதவு எங்கே என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வி, சக்கரம் உடைந்த அந்தச் சிவப்பு லாரி எங்கே. உடைந்ததுதானே என்று நாம் குப்பையில் போட்டிருப்போம்.

சின்னப் பிள்ளைகளுக்கு நாள் கணக்கு அவ்வளவாகப் பிடிபடாது. ஆனால் இடம் நன்றாகத் தெரியும். படுக்கை, சன்னல், விளக்கு போடும் சுவிட்ச் இவையெல்லாம்தான் அவர்களுடைய உலகம். அது திடீரென்று காணாமல் போனால் சிலர் அழுவார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் ராத்திரி படுக்கையை நனைப்பார்கள், பள்ளிக்குப் போகும்போது காலைக் கட்டிக்கொள்வார்கள். அடம் பிடிக்கிறான் என்று திட்டுவதற்கு முன்னால் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது ஒன்றும் கடினமில்லை. ஊருக்குக் கிளம்பும் முன்பே, "திரும்பி வரும்போது புது வீட்டுக்குப் போவோம், உன் கட்டிலும் அங்கே வந்திருக்கும்" என்று சொல்லுங்கள். முடிந்தால் புது வீட்டை ஒருமுறை காட்டுங்கள். முடியாவிட்டால் அவர்கள் படுக்கப்போகும் அறையின் படமாவது போனில் இருக்கட்டும். பழைய வீட்டின் ஒவ்வொரு அறையிலும் நின்று "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல விடுங்கள். பெரியவர்களுக்கு விளையாட்டாகத் தெரியலாம், பிள்ளைகளுக்கு அது வேண்டும். அந்தக் கதவை ஒரு படம் எடுத்து, கோடுகளை நீளமான ஒரு காகிதத்தில் பிரதி எடுத்துக்கொண்டால் புதுக் கதவில் ஒட்டலாம். ஒரே ஒரு பெட்டியைப் பிள்ளையிடமே கொடுத்து, வேண்டியதை அதுவே எடுத்து வைக்கட்டும். அதில் என்ன போனாலும் கேள்வி கேட்காதீர்கள். அவர்களைக் கேட்காமல் எந்தப் பொம்மையையும் தூக்கிப் போட வேண்டாம். புது வீட்டில் முதலில் பிரிக்க வேண்டியதும் அந்தப் பெட்டிதான்.

தாத்தா பாட்டியிடமும் இதையெல்லாம் சொல்லி வையுங்கள். பிள்ளை ராத்திரி கேட்கிற கேள்விக்கு அங்கே பதில் சொல்லப்போவது அவர்கள்தான். நாம் ஒன்று சொல்லி அவர்கள் வேறொன்று சொன்னால் குழந்தை இரண்டையும் நம்பாது.

பெரியவர்களின் உடம்பைக் கணக்கில் எடுக்காதது

பேரப்பிள்ளைகள் வந்தால் பாட்டிக்கு இல்லாத தெம்பும் வந்துவிடும். ஆனால் அந்தத் தெம்பு சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். இரண்டு பிள்ளைகளைப் பத்து நாள் முழுப் பொறுப்பாக விடுவதற்கு முன்னால், முடியுமா என்று கேட்க வேண்டும். அதுவும் முடியாது என்று சொல்ல இடம் கொடுக்கிற மாதிரி கேட்க வேண்டும். நடுவில் ஒரு நாள் அவர்களுக்கு ஓய்வு கிடைக்க வழி செய்யுங்கள். பிள்ளைகள் தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அது, கொடுக்க வேண்டிய மருந்து எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

கோடை என்பதால் இன்னொன்று. வயதாக ஆக, தாகம் எடுக்கும் உணர்வே குறைந்துவிடும். உடம்புக்குத் தண்ணீர் வேண்டியிருக்கும், ஆனால் கேட்கத் தோன்றாது. பேரனுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் பாட்டியும் ஒரு டம்ளர் குடிப்பது நல்ல ஏற்பாடு. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி. மின்விசிறி இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விசிறிக் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் கூட்டும். அப்படிப்பட்ட நேரத்தில் ஈரத்துணியும் குளிர்ந்த அறையும்தான் உதவும்.

சிலர் அப்பா அம்மாவை இங்கே வரவழைத்து சாமான் கட்டச் சொல்வார்கள். அவர்களே ஆசைப்பட்டு வந்தாலும் தூக்குகிற வேலை, குனிகிற வேலை, ஏணி ஏறுகிற வேலை மூன்றும் வேண்டாம். உட்கார்ந்தபடி பெட்டிகளுக்குப் பெயர் எழுதுவது, பழைய புகைப்படங்களைப் பிரித்து அடுக்குவது போன்றவற்றை அவர்களிடம் கொடுக்கலாம். புகைப்பட வேலை அவர்களைவிட வேறு யாருக்கும் சரியாக வராது.

அவர்கள் வீட்டைக் கிடங்காக்குவது

"ரெண்டு மாசத்துக்கு இங்கே இருக்கட்டும்" என்று இறக்கி வைத்த பெட்டிகள் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். இடம் அடைவதுகூடப் பரவாயில்லை. ராத்திரி விளக்குப் போடாமல் பழகிய வழியில் கழிப்பறைக்குப் போகிறவர் காலில் அந்தப் பெட்டி இடறும். அந்த வயதில் ஒரு விழுதல் இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம். வேறு வழியே இல்லை, வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நடக்கிற வழியில் இல்லாமல், ஓர் அறையின் மூலையில், இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். எடுத்துப்போகும் தேதியையும் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடுவது

பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, அடையாள ஆவணங்கள், இரண்டு வீட்டுச் சாவிகள், தினமும் சாப்பிடும் மருந்துகள், கண்ணாடி, சார்ஜர் எல்லாம் ஒரே கைப்பையில், உங்கள் தோளிலேயே இருக்க வேண்டும். ஊருக்குப் போன இடத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தடுப்பூசி அட்டை லாரியில் இருந்து பயனில்லை. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. அதனால் அது லாரியிலும் போகக்கூடாது, விமானத்தில் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியிலும் போகக்கூடாது. பவர் பேங்கையும் விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். அதன் மின்சேமிப்பு அளவு 100 வாட்-மணி (Wh) வரை இருந்தால் பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஊருக்குப் போய்விட்டு வந்து சாமான் ஏற்றப் போகிறவர்கள் குளிர்சாதனப் பெட்டியை முன்னாலேயே காலி செய்து, துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போகலாம். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். லாரியில் அதைப் படுக்க வைத்துக் கொண்டுபோயிருந்தால் உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டால் திரும்பி வந்துவிடும்.

போய் இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

வீடு மாறும் களைப்போடு போய் இறங்குகிறோம், பைகள் கட்டிலில் கிடக்கின்றன, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆபத்தான நேரம் இதுதான். தாத்தாவின் மாத்திரைகள் எட்டும் உயரத்தில் மேசைமேல் இருக்கும். கிழமை வாரியாகப் போட்டு வைக்கும் டப்பாவை மூன்று வயதுக் குழந்தை எளிதாகத் திறந்துவிடும். காது கேட்கும் கருவியிலும் ரிமோட்டிலும் பட்டன் பேட்டரி இருக்கும். அதில் லித்தியம் வகையை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். குளியலறை வாளியில் தண்ணீர் விடாதீர்கள். சில அங்குலத் தண்ணீர்கூட தவழும் குழந்தைக்கு ஆழம்தான். சாமான் இறக்கும்போது தூங்குகிற பிள்ளையைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டாம். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் ஏறும்.

பைகளை அப்படியே வைத்துவிட்டு முதலில் வீட்டை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். பெரியவர்கள் மனம் கோணாமல், "இதைக் கொஞ்சம் மேலே வைக்கட்டுமா அப்பா?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

போனோடு உட்கார்ந்திருப்பது

லாரிக்காரர், தரகர், மின்கட்டணம் என்று நாள் முழுக்க அழைப்புகள் வரும். தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள். மீதி நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

புது வீட்டைப் பற்றிப் பேசாமலே வந்துவிடுவது

இதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. வீடு மாறினால் பெரியவர்களுக்கும் நமக்கும் இடையிலான தூரமும் மாறும். இதுவரை மூன்று மணி நேரத்தில் வந்தவர்கள் இனி ஒரு ராத்திரி பயணம் செய்ய வேண்டியிருக்கலாம். பிள்ளைகள் வாய்தவறிச் சொல்லி அவர்களுக்கு அது தெரியக்கூடாது. வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நாமே உட்கார்ந்து சொல்ல வேண்டும்: எவ்வளவு தூரம், எப்படி வர வேண்டும், உடம்புக்கு ஏதாவது என்றால் நாங்கள் வந்து சேர எத்தனை மணி நேரமாகும், அதுவரை பக்கத்தில் யாரைக் கூப்பிடலாம். அவர்கள் முகம் வாடினாலும் பேச்சை மாற்ற வேண்டாம். புது முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். புது வீட்டில் அவர்கள் தங்க எந்த அறை, அதில் ஏறி இறங்கப் படி இருக்கிறதா, முதல் தடவை எந்த மாதம் வரலாம் என்பதையும் அப்போதே பேசி, வருகிற தேதியை நாள்காட்டியில் குறித்துவிட்டு வாருங்கள்.